தலைவருக்கு நாற்பது புள்ளி

புளியந்தரவை மக்கள் நல்வாழ்வு ஒன்றியத்தின் கியூபெக் கிளை இரவிச்சந்திரனுக்குக் கொடுக்கவேண்டியிருந்த காசு அறுநூற்று இருபது டொலர் நாற்பது சதம். முகத்துக்கு இருபது டொலர்ப்படி முப்பத்தொரு முகம். மிச்ச நாற்பது சதம், “உதைக் கையில பிடிச்சுப் பாக்கவேணும்” என்று தலைவர் கேட்டதற்காக தெருமுனை டெப்பனர் கடையில் எடுத்த ஒரு கலர்ப் பிரதிக்கு.

ஒன்றியத்துக்கு இது ஒரு தொகையே இல்லை. இரவிச்சந்திரனுக்கு இது நாலு குளிர்கால ரயர். டிசெம்பர் பிறந்தால் குளிர்கால ரயர் இல்லாத காரைத் தெருவில் இறக்கக்கூடாது என்பது அந்த மாகாணத்துச் சட்டம். கார் இறங்காவிட்டால், செயின்ட்-மிஷேலில் இருக்கும் மனுசன் புவாண்ட்-கிளேரில் இருக்கும் பண்டகசாலைக்கு விடியற்காலை வேலைக்குப் போக மெட்ரோவில் ஏறி, இறங்கி, இன்னொன்றில் ஏறி, பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து தீர்க்கவேண்டும். போன வருசத்து ரயர்கள் தேய்ந்து வழுவழுத்துவிட்டன. கராஜ்காரன் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

பண்டகசாலையில் பெட்டி தூக்குவதுதான் இரவியின் தொழில். ஒருமுறை முதுகு பிடித்து வீட்டில் கிடந்தபோது, கம்பியூட்டரில் படம் திருத்துவதை வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டான். முதுகு சரியான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வயதுக்கு வந்த சாமத்திய வீட்டுப் பிள்ளையின் முகத்துப் பருவை எடுப்பது, கலியாண அல்பத்தில் மாமியாருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவைப்பது என்று சில்லறை வேலைகள் வரும். அப்படி வந்த வேலைதான் ஒன்றியத்தின் வெள்ளிவிழா மலர்.

விழா என்றால் மலர் இருக்கவேண்டும். மலர் என்றால் வாழ்த்துச் செய்தி இருக்கவேண்டும். செய்தி என்றால் அதன் தலைமாட்டில் படம் இருக்கவேண்டும். ஒன்றியத்தில் மொத்தம் அறுபது குடும்பம். அதில் முப்பத்தொரு பேர் பதவியில் இருந்தார்கள். மிச்சப்பேர் முன்னாள்கள். முப்பத்தொரு பேரும் ‘இம்மலர் எட்டுத்திக்கும் மணம் வீசுக’ என்றே எழுதியிருந்தபடியால், ஒருவரை ஒருவரிலிருந்து பிரித்துக்காட்டுவது படம் மட்டும்தான்.

படங்களோ பாவம். பாதிப்பேர் நிலக்கீழ் அறையில் ரியூப் லைற்றுக்குக் கீழே நின்று எடுத்துப் பச்சையாக இருந்தார்கள். மற்றப் பாதி குசினி லைற்றில் எடுத்து மஞ்சளாக இருந்தார்கள். எல்லாரும் ஒரே வெயிலில் நின்றது மாதிரி ஆக்கித் தரவேண்டும் என்றுதான் கேட்டார்கள். இரவி பச்சையை எடுத்தான், மஞ்சளை எடுத்தான். முப்பத்தொரு பேரும் அவரவர் நிறத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

தலைவர் பேரின்பநாதன் லவாலில் வீடும் காப்புறுதி வியாபாரமும் உள்ளவர். அவருடைய நிலக்கீழ் அறையில்தான் நிர்வாகக் கூட்டம் நடக்கும். அன்று டெப்பனர் கடைப் பிரதியை எட்டத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

“தம்பி இரவி, நீர் நல்லாச் செய்திருக்கிறீர். ஆனா இது நான் இல்லை.”

“நீங்கள்தான் அண்ணை. லைற்றின்ர பச்சையை மட்டும்தான் எடுத்தனான்.”

“ஓம், ஆள் நான்தான். ஆனா பதவி தெரியேல்லை.”

பிறகு எழும்பி நின்றார். தலைவர் எழும்பினால் அது கதை இல்லை, உரை.

“நிறத்தைப் பாத்து ஆளை மதிக்கிற புத்தியோட முப்பது வருசமா இந்த நாட்டில சண்டை பிடிச்சவன் நான். வந்த புதுசில என்ர நிறத்தைப் பாத்துத்தான் என்னைக் கோப்பை கழுவ விட்டவங்கள். அண்டைக்கே நெஞ்சில அடிச்சுச் சொன்னனான், நிறம் பாக்கிற புத்தி எங்கட சனத்துக்கு வரவே கூடாதெண்டு. ஆனபடியால், ஒருத்தரும் என்ர நிறத்தைப் பாக்காத அளவுக்கு, அதைக் கொஞ்சம் வெளிக்கப்பண்ணிவிடும்.”

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

இரவி விட்ட பிழை அப்போதுதான் நடந்தது. தான் செய்வதை எல்லாரும் பார்க்கட்டும் என்று கம்பியூட்டரைத் தலைவர் வீட்டுப் பெரிய ரீவியில் கொழுவிவிட்டான். படம் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு, கோட்டில் ஒரு குமிழ். குமிழை வலப்பக்கம் தள்ளினால் அந்த நிறம் வெளிக்கும். இடப்பக்கம் தள்ளினால் இருளும்.

“இதில தோல் எது?” என்று கேட்டார் செயலாளர் ஸ்ரீதரன். ஒன்றியத்தின் சட்டக்கோவையான யாப்பைக் கரைத்துக் குடித்தவர்; பொக்கற்றில் எப்போதும் ஒரு பிரதி இருக்கும்.

“செம்மஞ்சள் அண்ணை. ஆற்ற தோலெண்டாலும் இதுக்குச் செம்மஞ்சள்தான். வெள்ளைக்காரனும் அதுதான், நாங்களும் அதுதான்.”

“நான் செம்மஞ்சளோ?” என்றார் தலைவர். குரலில் அடிபட்ட வலி தெரிந்தது.

இரவி குமிழை மெல்லத் தள்ளினான். தலைவர் வெளித்தார். அறையில் ஒரு பெருமூச்சு. ஆனால் ஸ்ரீதரனின் கண் தலைவரில் இல்லை. குமிழுக்குப் பக்கத்தில் மாறிக்கொண்டிருந்த எண்ணில் இருந்தது.

“இதுக்கு நம்பர் இருக்கோ? அப்ப இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்.”

அன்றைக்கே ‘முகநிற ஒழுங்கு உபகுழு’ அமைந்தது. தலைவருக்கு நாற்பது புள்ளி. செயலாளருக்கு முப்பத்தைந்து. காப்பாளர் பதவியில் இருந்த முன்னாள் தலைவர்களுக்கு முப்பது. அவர்களைக் கோபப்படுத்தினால் புது ஒன்றியம் தொடங்கிவிடுவார்கள். செயற்குழு பதினைந்து. சாதாரண அங்கத்தவர்கள் பெற்றோர் கொடுத்த நிறத்திலேயே இருக்கலாம், கட்டணம் இல்லை.

மலரின் முதல் பக்கத்தில் கணக்கில் சேராமல் போட்ட மறைந்த ஸ்தாபகருக்கு எவ்வளவு என்பதில் கொஞ்சம் இழுபறி. மனுசன் உயிரோடு இருந்தபோது நல்ல கறுப்பு. அதைப்பற்றி ஒருநாளும் கவலைப்பட்டவரும் இல்லை. ஸ்ரீதரன்தான் வழி சொன்னார்.

“அவர் இறைவனடி சேர்ந்தவர். அங்க வெளிச்சம் கூடத்தானே? ஐம்பது போடும்.”

ஸ்தாபகர் அடுத்த தேர்தலில் நிற்கமாட்டார் என்பதால் தலைவரும் மறுக்கவில்லை.

இரவி வீட்டுக்குப் போய் புள்ளிப்படி செய்து அனுப்பினான். அடுத்தநாளே தலைவர் ரெலிபோனில் வந்தார்.

“தம்பி, என்ர சங்கிலி வெள்ளியாப் போச்சு!”

தங்கமும் மென்பொருளுக்குக் கிட்டத்தட்ட அதே நிறம்தான். முகம் வெளிக்கச் சங்கிலியும் வெளித்துவிட்டது. “இருபத்திரண்டு கரட். பாக்கிற சனம் கவறிங் எண்டெல்லோ நினைக்கும்?” இரவி வேலை முடிந்து வந்து சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சுற்றி வெட்டி, தங்கத்தை விட்டுவிட்டுத் தலைவரை மட்டும் வெளிக்கவைத்தான். சங்கிலி வேலைக்குத் தனிக் காசு கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தான். பொருளாளர் சிவநேசத்தை அவன் மறந்துவிட்டான்.

சிவநேசம் பிறவியிலேயே எலுமிச்சம்பழ நிறம். அவருடைய குடும்பமே அப்படித்தான். அவர்களுடைய தோட்டத்துக் கத்தரிக்காய்கூட வெள்ளை என்று ஊரில் பகிடி சொல்வார்கள். ஒரு புள்ளியும் போடாமலே அவர் நாற்பது புள்ளித் தலைவரைவிட வெளிச்சமாக இருந்தார். மலரில் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம்.

“பொருளாளர் இவ்வளவு பளபளப்பா இருந்தா சனம் கணக்கில சந்தேகப்படும்” என்றார் தலைவர். “ஒன்றியத்தின்ர நன்மைக்காகச் சொல்லுறன். அவரை ஒரு இருபத்தைஞ்சு குறையும்.”

குறைத்தான். சிவநேசம் படத்தைப் பார்த்தார். காசோலைப் புத்தகத்தை எடுத்துக் கோட்டின் உள்பொக்கற்றுக்குள் வைத்துச் சிப்பை இழுத்துவிட்டார். ஒன்றியத்தின் காசோலைக்குத் தலைவரும் பொருளாளரும் இரண்டு பேரும் ஒப்பம் வைக்கவேண்டும்.

“அண்ணை, என்ர காசு…” என்றான் இரவி.

“அந்தப் படத்தில இருக்கிற கறுவல்தானே பொருளாளர்? அவன் வந்து கையெழுத்து வைக்கட்டும்.”

இரவி பொருளாளரை அவருடைய நிறத்துக்கே திருப்பினான். சிவநேசம் சிப்பைத் திறந்தார். இப்போது தலைவருக்குக் கையில் உளுக்கு. பேனை பிடிக்க ஏலாது என்றார். மறுபடி பொருளாளரை இருளப்பண்ணினான். தலைவரின் உளுக்குச் சுகமானது. சிவநேசத்தின் சிப் இறுகியது.

வீட்டில் இரவியின் மனுசி யோசெப்பின், அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க கார்டெரிக் குழந்தைகள் காப்பகத்தில் ஊர்ப்பட்ட குழந்தைகளோடு மாரடித்துவிட்டு வந்தவள். “எங்கட பிள்ளையள் பரவாயில்லை. அதுகள் பொம்மைக்குத்தான் அடிபடுகுதுகள்” என்றாள்.

“விசர்க்கதை கதையாதையும். ரயர் காசு.”

“இஞ்சரப்பா, நான் ஒண்டு சொல்லட்டோ? தலைவரை வெள்ளையாக்கிறதிலும் பாக்க, ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சுத் தலைவராக்கினா வேலை குறைவு.”

கடைசியில் ஸ்ரீதரன் யாப்பைப் புரட்டி ஒரு சமரசம் கண்டார். பொருளாளரில் ஒருவரும் கைவைக்கக்கூடாது. தலைவரை மட்டும், பொருளாளரைத் தாண்டும்வரைக்கும் ஏற்றவேண்டும். இரவி ஏற்றினான். ஐம்பதில் தாண்டவில்லை. அறுபதில் கன்னமும் மூக்கும் ஒன்றாகிவிட்டன. எழுபதில் தாண்டினார். அப்போது தலைவரில் மிஞ்சியிருந்தவை ஒரு கண்ணாடி, ஒரு மீசை, ஒரு இருபத்திரண்டு கரட் சங்கிலி.

“இப்பத்தான் என்ர உள்ளம் முகத்தில தெரியுது” என்றார் தலைவர்.

“அப்ப காசு அண்ணை?”

“விழா முடியட்டும் தம்பி. உழைப்பாளியை நாங்கள் மறக்கமாட்டம்.”

விழா நவம்பர் நடுவில், ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில். மலர் மினுங்கும் தாளில் அச்சாகி வந்திருந்தது. வாசலில் நிற்கப் பரத வகுப்பிலிருந்து சாருஜா என்ற பிள்ளையைப் பிடித்திருந்தார்கள். மொன்றியலில் பிறந்தவள்; ஒன்றியத்தின் சொந்த ஊரான புளியந்தரவை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஸ்ரீதரன் மலரிலிருந்த படங்களை எல்லாம் ஒரு தாளில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தார்.

“இதில இருக்கிற ஆக்கள் வந்தா சந்தனம் குடுத்து முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். தலைவர் வந்தா நேர மேடைக்கு. மற்ற ஆக்களிட்ட டிக்கெட் கேக்கவேணும்.”

தலைவர் பட்டுவேட்டியோடு வந்தார். சாருஜா முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள்.

“பொன்சுவார் அங்கிள். டிக்கெட்?”

“பிள்ளை, நான் ஆரெண்டு தெரியுமோ?”

“ஸொறி அங்கிள், நீங்கள் இதில இல்லை.”

தலைவர் தாளின் உச்சியில் விரலை வைத்தார். “இந்தா. இது நான்.”

சாருஜா வளர்ப்பு நல்ல பிள்ளை. பெரியவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டாள். “இவர் வெள்ளை அங்கிள்” என்று மட்டும், அவர் மனம் நோகாத மாதிரி மெல்லச் சொன்னாள். “இருபத்தைஞ்சு டொலர். காஷ் மட்டும்.”

பின்னால் இரண்டு குடும்பம் குளிரில் நின்று “கதவைச் சாத்துங்கோவன்” என்று கத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துப் பராமரிப்பாளர் ரெஜான் உள்ளே வந்தார். சூடாக்கி வேலை செய்யவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணாடி போட்ட, மீசை வைத்த, வெளுத்த மனுசன். கழுத்தில் சாவிக்கொத்துத் தொங்கிய மஞ்சள் நாடா. சாருஜாவின் முகம் மலர்ந்தது.

“தலைவர் அங்கிள் வந்திட்டார்!”

சந்தனம் பூசினார்கள். மேளம் முழங்கியது. யாரோ மாலை போட்டார்கள். மேடையில் நின்ற அறிவிப்பாளர் ரொறொன்ரோவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்; அவரும் மலரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். “இதோ, எங்கள் நிறை ஒளித் தலைவர்!” என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். சூடாக்கி திருத்த வருகிறவனைத் தமிழர் இப்படித்தான் வரவேற்பார்கள்போல என்று ரெஜான் கண் கலங்கி நின்றார். குத்துவிளக்கைக் காட்டினார்கள், ஏற்றினார். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“மெர்சி. மெர்சி பொகூ” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

ஒன்றியத்தின் இருபத்தைந்து வருசத்தில் இவ்வளவு சுருக்கமான தலைமையுரை இருந்ததில்லை. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. சபையில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. மடியில் விரித்திருந்த மலரில் இருந்த ஆள்தானே மேடையில் நிற்கிறார்? பொன்னாடையோடே இறங்கிப்போய் ரெஜான் சூடாக்கியையும் திருத்திவிட்டார். “தலைவரெண்டா இப்பிடி வேலை செய்யிற தலைவர் வேணும்” என்று பின்வரிசையில் ஒரு கிழவர் சொன்னது வாசல்வரை கேட்டது. வாசலில் பேரின்பநாதன் மிச்சக் காசு வாங்கிக்கொண்டு நின்றார்.

விசாரணைக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. இரவி காசுக்காகப் போனான். வழியில் பனி மெல்லத் தூறத் தொடங்கியிருந்தது. தெருமுனையில் கார் ஒருமுறை தன்பாட்டில் பக்கவாட்டாகப் போய் நின்றது.

ஸ்ரீதரன் கண்டறிந்தவற்றை வாசித்தார். “படத்தில பிழையில்லை. படம் யாப்பின்படிதான் இருக்கு. அண்டைக்குத் தலைவரின்ர முகம்தான் படத்தோட ஒத்துழைக்கேல்லை.”

“குளிர்” என்றார் தலைவர். “குளிருக்கு நான் கொஞ்சம் மங்குவன்.”

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“அப்ப என்ர அறுநூற்று இருபது நாற்பது?” என்றான் இரவி.

ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, நீர் கேக்கிறது நியாயம். ஆனா யோசிச்சுப் பாரும். காசு குடுத்தா கணக்கில எழுதவேணும். எழுதினா பொதுக்கூட்டத்தில வாசிக்கவேணும். ‘முகநிறம் திருத்திய செலவு’ எண்டு வாசிச்சா, முகநிறம் திருத்தினது தெரிஞ்சிடும். பேந்து தலைவர் எந்த முகத்தோட சபையில இருக்கிறது?”

சிவநேசமும் தலையாட்டினார். பொருளாளரும் தலைவரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் ஒன்றியம் கண்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸ்ரீதரன் நல்ல தமிழில் எழுதியிருந்தார்: ‘மலரில் காணப்படுவன நிர்வாகத்தினரின் இயற்கையான நிறங்களே. அப்படங்களில் எவரும் எவ்வித வேலையும் செய்யவில்லை. செய்யப்படாத வேலைக்குக் கூலி இல்லை. எனவே திரு. இரவிச்சந்திரன் கோரும் தொகை இத்துடன் கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது.’

“மனசில ஒண்டும் வைக்காதையும் தம்பி” என்று தலைவர் முதுகில் தட்டினார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

டிசெம்பர் பிறந்தது. கார் வீட்டு வாசலில் பனிக்குக் கீழே ஒரு மேடாகக் கிடந்தது. இரவி மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போய், காற்றில் நடந்து, மூக்கு மரத்துப் பெட்டி தூக்கினான். ஒருநாள் பிந்திப்போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டினான். இன்னொரு முறை பிந்தினால் வீட்டிலேயே நிற்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தக் கிழமை ஸ்ரீதரன் எடுத்தார். “தம்பி, புதுவருசக் காலண்டர் அடிக்கிறம். மலருக்குச் செய்த படங்களை அப்பிடியே அச்சகத்துக்கு அனுப்பிவிடும்.”

“செய்த படம் எண்டு ஒண்டும் இல்லையே அண்ணை. நான் ஒரு வேலையும் செய்யேல்லையெண்டெல்லோ தீர்மானம்?”

மறுமுனையில் ஸ்ரீதரன் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் யாரோ நின்றார்கள்போல.

“ஓம் ஓம். செய்த படமில்லை. இயற்கையான படம்.”

“அப்ப வேலை செய்யாத படத்தை அனுப்பட்டோ?”

“அதைத்தான் சொல்லுறன். தீர்மானத்தின்படி அனுப்பும்.”

இரவி தீர்மானத்தின்படி அனுப்பினான். நிலக்கீழ் அறையில் எடுத்தபடியே, ஒரு குமிழையும் தொடாமல்.

காலண்டர் அறுபது வீட்டுக்கும் போனது. “இந்தமுறை படம் நல்ல பிடி. ஆரார் எண்டு பாத்த உடன தெரியுது” என்று சனம் சொன்னது. ஜனவரியில் தலைவர் ரியூப் லைற்றின் பச்சைக்குள்ளும் முழுக் கறுப்பில் நின்றார். பெப்ரவரியில் பொருளாளர், ரியூப் லைற் வெளிச்சத்தில், பழுக்காத மாங்காய் மாதிரிப் பச்சையாக இருந்தார்.

தலைவர் ரெலிபோனில் வந்தார்.

“தம்பி, ஜனவரியில என்ர இடத்தில ஆற்ற படத்தைப் போட்டிருக்கிறீர்?”

“நீங்கள்தான் அண்ணை.”

“நானோ?”

“ஓம்.”

செருப்புச் சத்தம் தூரப் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றிருக்கவேண்டும்.

“எவ்வளவு தரவேணும் எண்டனீர்?”

அன்று பின்னேரமே ஒரு கார் செயின்ட்-மிஷேலுக்கு வந்தது. முன்சீற்றில் தலைவர், ஓட்டுவது பொருளாளர். இரண்டு பேரும் ஒரே காரில் வந்ததை ஜன்னலால் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள் யோசெப்பின். பனி பெய்துகொண்டிருக்க, காரின் மூக்கில் காசோலையை வைத்து ஒருவர் மாறி ஒருவர் ஒப்பம் வைத்தார்கள். தலைவரின் கையில் உளுக்கு இருக்கவில்லை. எதற்கான செலவு என்று எழுதும் கோட்டில் சிவநேசம் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“மண்டப வெளிச்சச் செலவு எண்டு போடும்” என்றார் தலைவர்.

அறுநூற்று இருபது டொலர் நாற்பது சதம். நாற்பது சதத்தையும் விடாமல் எழுதியிருந்தார்கள். திருப்பி அடிக்கப்போகிற புதுக் காலண்டருக்கு முகத்துக்கு இருபது டொலர்ப்படி முற்பணத்தையும் இரவி கையோடு வாங்கிக்கொண்டான். இப்போது அவனுக்கு வாய் வந்துவிட்டது.

கராஜில் காரை உயர்த்தி நாலு சில்லுக்கும் புது ரயர் பூட்டினார்கள். கராஜ்காரன் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தான். இரவியும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான். நாலும் நல்ல கன்னங்கரேலென்று இருந்தன. வெளிக்கப்பண்ணச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.